மூளைக்கான ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்சூல்: கீழக்கரை மெடிக்கலில் இருந்து ஒரு விமர்சனம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறதிக்காகவோ, மறதி வராமல் இருக்கவோ இந்த கேப்சூலை வாங்க வேண்டாம். ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றுதான் கொடுப்பேன். உள்ளே இருக்கும் சரக்கில் விஷம் எதுவும் இல்லை. ஆனால் டப்பாவின் முகப்பில் எழுதியிருக்கும் வாக்குறுதிக்கு ஆதாரம் கிடையாது.

60 கேப்சூல், 1,899 ரூபாய். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ஒரு மாதத்துக்கு வரும். 'மூளைச் செல்களை ஆக்ஸிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கும் ஒன்பது சேர்மங்கள்' என்று பொன்னிற எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஜிங்கோ (ஒரு மரத்தின் இலைச் சத்து), கோ-என்சைம் க்யூ10, வைட்டமின் ஈ, வைட்டமின் சி, செலினியம், ஆல்பா லிபோயிக் அமிலம், குர்குமின் (மஞ்சளின் நிறச் சத்து), மிளகுச் சத்து, ஆஸ்டாக்சாந்தின் (ஒரு சிவப்பு நிறமி), இவைதான் அந்த ஒன்பது. கம்பெனி பெயரை நான் எழுதப் போவதில்லை. ஏறக்குறைய இதே கலவையை வேறு வேறு பெயரில் பலரும் விற்கிறார்கள். நீங்கள் கையில் எடுக்கும் டப்பாவிலும் இதே பட்டியல் இருந்தால் இங்கே சொல்வது அதற்கும் பொருந்தும்.

நான் பி.பார்ம் படித்துவிட்டு கீழக்கரையில் மெடிக்கல் நடத்துகிறேன். "மூளைக்கு நல்ல மாத்திரை ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டு வராத நாளே இல்லை. பரீட்சை எழுதும் பிள்ளைக்குக் கேட்பார்கள், பக்கவாதம் வந்த தகப்பனுக்குக் கேட்பார்கள், பேரப்பிள்ளையின் பெயர் மறந்துபோகும் பெரியவர்களுக்குக் கேட்பார்கள். இந்த வகைச் சரக்கில் கடைக்காரருக்குக் கிடைக்கும் மார்ஜின், சுகர் மாத்திரையிலோ பிரஷர் மாத்திரையிலோ கிடைப்பதைவிட மிக அதிகம். பத்து வாங்கினால் மூன்று இலவசம் என்று ஸ்கீமோடு எம்.ஆர்.கள் (மருந்து கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதிகள்) வருகிறார்கள். இதை விற்றால் எனக்கு லாபம்தான், அதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

இந்த பாட்டில் என் கடைச் சரக்கு இல்லை. ஷார்ஜாவில் இருக்கும் காக்கா (என் அண்ணன்) ஆன்லைனில் இரண்டு பாட்டில் போட்டு நேராக உம்மாவின் (எங்கள் அம்மா) வீட்டுக்கே அனுப்பிவிட்டார். உம்மாவுக்கு 71 வயது. தொதல் என்ற இனிப்பைக் கிண்டினால் பக்குவம் தப்பவே தப்பாது என்று தெருவே சொல்லும் கை அது. போன பெருநாளுக்கு அதே உம்மா கருப்பட்டிப் பாகை இரண்டு தரம் ஊற்றிவிட்டு, மூன்றாவது தரத்துக்குப் பாத்திரத்தைத் தேடினார். கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, சாவியை அரிசிப் பானையில் வைப்பது என்று கொஞ்ச நாளாகவே ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் இருக்கும் மகனுக்கு இதைக் கேட்டால் மனசு பதறத்தான் செய்யும். காக்கா மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தப் பதற்றத்தைப் பார்த்து விலை வைத்தவர்கள் மீதுதான் வருத்தம்.

சரி, பாட்டிலுக்கு வருவோம். கோடை வெயிலில் லாரியிலும் கூரியர் ஆபீஸிலும் கிடந்து வந்த பார்சல் அது. மூடியைத் திறந்தால் கேப்சூல்கள் நாலும் ஐந்துமாக ஒட்டிக்கொண்டு கட்டியாகக் கிடந்தன. பாட்டிலை உள்ளங்கையில் தட்டித் தட்டித்தான் உதிர்க்க வேண்டியிருந்தது. '25 டிகிரிக்கு மிகாத இடத்தில் வைக்கவும்' என்று பின்பக்கம் எழுதியிருக்கிறது. எங்கள் கடற்கரையில் அந்தக் குளிர்ச்சி ஏ.சி. அறையில் மட்டும்தான் கிடைக்கும். உம்மா சாப்பிட்டது போக மிஞ்சிய கடைசி கேப்சூலைப் பிளேடால் கீறி வெள்ளைப் பீங்கான் தட்டில் பிதுக்கினேன். கருஞ்சிவப்பில், பாகு மாதிரி கெட்டியான எண்ணெய் வந்தது. தட்டில் பரவியபோது ஓரத்தில் மஞ்சள் பிரிந்தது, அது குர்குமின். விரலில் பட்ட கறை சோப்பு போட்டும் சீக்கிரம் போகவில்லை. மோந்து பார்த்தால் லேசாகக் காறல் வாடை. ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் என்று விற்கிற சரக்கின் அடிப்படை எண்ணெயே வழியில் வெப்பம் பட்டு ஆக்ஸிஜனேற்றம் அடைய ஆரம்பித்திருக்கிறது. இப்படி வாடை வரும் எந்த எண்ணெய் கேப்சூலையும் விழுங்காதீர்கள். மீன் எண்ணெய் கேப்சூலுக்கும் இதே சோதனைதான்.

அந்தக் காறல் வாடையை வைத்தே இந்த மாத்திரையின் அறிவியலை விளக்கிவிடலாம். சூடை, சாளை மாதிரி எண்ணெய்ப் பிடிப்புள்ள மீனைக் காயவைத்து அப்படியே போட்டு வைத்தால், நாளாக ஆக வயிற்றுப் பக்கம் மஞ்சள் பூத்துத் தொண்டையைக் கமறும் ஒரு வாடை வருமே, அதுதான் கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம். மீன் கொழுப்பில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய உண்டு. ஆக்ஸிஜன் அந்த இடத்தில்தான் பிடிக்கும். ஒரு மூலக்கூறு கெட்டால் அது பக்கத்து மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும், அதுவும் கெடும், அது அடுத்ததைப் பிடிக்கும். சங்கிலியாகப் போகும் வினை. நம் மூளைச் செல்லின் சவ்விலும் மீனில் இருக்கும் அதே டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு ஏராளமாக இருக்கிறது. கருவாட்டில் நடக்கும் அதே வேதியியல் உயிருள்ள மூளையிலும் நடக்க முடியும்.

நடப்பதற்கான வாய்ப்பும் மூளையில் அதிகம். உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான் மூளை. ஆனால் ஓய்வாக இருக்கும்போதே உடல் செலவழிக்கும் ஆக்ஸிஜனில் 20 சதவீதம் வரை அது இழுத்துக்கொள்கிறது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஆக்ஸிஜனை வைத்து ஆற்றல் எடுக்கும்போது கொஞ்சம் எலக்ட்ரான் சிந்தி, சூப்பராக்ஸைடு என்ற தனியுறுப்பு (ஃப்ரீ ராடிக்கல், ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலையும் மூலக்கூறு) உண்டாகிறது. அது ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாறும். அந்தப் பெராக்ஸைடு இரும்பைச் சந்தித்தால் ஹைட்ராக்ஸில் தனியுறுப்பு பிறக்கும். அது எதிரே வரும் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எதையும் விடாது. மூளையின் சில பகுதிகளில் இரும்பும் அதிகம்.

உடம்பு இதற்குச் சும்மா இருப்பதில்லை. சூப்பராக்ஸைடை அடக்கும் சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியின் வேலையை மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969-ல் கண்டு எழுதினார்கள். பெராக்ஸைடை உடைக்க கேட்டலேஸ் இருக்கிறது, குளூட்டாதையோன் பெராக்ஸிடேஸ் இருக்கிறது. குளூட்டாதையோன் பெராக்ஸிடேஸ் வேலை செய்யத்தான் செலினியம் வேண்டும். சவ்வுக்குள் உட்கார்ந்து, தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அந்தச் சங்கிலியை அறுப்பது வைட்டமின் ஈ. கொடுத்துவிட்டுக் காலியாக நிற்கும் வைட்டமின் ஈ-யைத் திரும்பச் சரிசெய்வது வைட்டமின் சி. அல்சைமர், பார்க்கின்சன் நோயில் இறந்தவர்களின் மூளையைச் சோதித்தால் ஆக்ஸிஜனேற்றச் சேதத்தின் தடயங்கள் கிடைப்பதும் உண்மைதான். ஆக, டப்பாவோடு வந்த துண்டுப் பிரசுரத்தில் படத்தோடு போட்டிருக்கும் வேதியியல் அத்தனையும் சரி.

அதற்கு அடுத்த படிதான் சறுக்குகிறது. பாத்திரத்தில் வளர்த்த செல்லிலும் எலியிலும் காப்பாற்றிய பொருள், விழுங்கிய மனிதருக்கும் மறதியைத் தடுக்குமா? இதைக் கேட்டுப் பெரிய பெரிய ஆய்வுகள் நடந்து முடிந்துவிட்டன. பிரசுரத்தில் அவற்றில் ஒன்றைக்கூடக் காணோம்.

ஜிங்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 3,069 பேரை வைத்து, ஒரு பாதிக்கு ஜிங்கோ 120 மி.கி. தினம் இரண்டு வேளை, மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை என்று வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. டிமென்ஷியா (மறதி நோய்) வருவது குறையவில்லை. கோ-என்சைம் க்யூ10-ஐ ஆரம்பநிலை பார்க்கின்சன் உள்ள 600 பேரிடம் தினம் 1,200 மி.கி., 2,400 மி.கி. என்ற அளவுகளில் சோதித்தார்கள். 2014-ல் வெளியான முடிவு, பலன் இல்லை. வைட்டமின் ஈ-யும் செலினியமும் டிமென்ஷியாவைத் தடுக்கின்றனவா என்று 7,500-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் பார்த்த ஆய்வு 2017-ல் வந்தது. அவையும் தடுக்கவில்லை.

இந்த பாட்டிலுக்கு மிக நெருக்கமான ஆய்வு 2012-ல் வந்த ஒன்று. அல்சைமர் நோயாளிகள் 78 பேர். ஒரு குழுவுக்கு வைட்டமின் ஈ, வைட்டமின் சி, ஆல்பா லிபோயிக் அமிலம் மூன்றும் சேர்த்து, இன்னொரு குழுவுக்கு க்யூ10, மூன்றாவது குழுவுக்கு வெறும் மாத்திரை, 16 வாரம். முதுகுத் தண்டிலிருந்து திரவம் எடுத்துச் சோதித்தார்கள். மூன்றும் சேர்த்துச் சாப்பிட்டவர்களின் திரவத்தில் ஆக்ஸிஜனேற்றச் சேதத்தின் அடையாளப் பொருள் குறைந்திருந்தது. அதாவது மருந்து மூளைப் பக்கம் போய்த் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் அதே குழுவினர்தான் நினைவுத் தேர்வில் மற்றவர்களைவிட வேகமாகப் பின்தங்கினார்கள். நான் இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சேதக் குறி குறைந்தும் ஆளுக்கு நன்மை வரவில்லை என்றால், 'சேதத்தைக் குறைக்கும்' என்ற ஒற்றை வரியை வைத்து மாதம் 1,899 ரூபாய் எப்படிக் கேட்கலாம்?

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வைட்டமின் ஈ-க்கு ஒரு நல்ல முடிவும் உண்டு. 2014-ல் வந்த ஆய்வில், ஏற்கெனவே அல்சைமர் வந்து மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த 613 பேரில், தினம் 2,000 யூனிட் வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்குக் குளிப்பது, உடுத்துவது, கணக்குப் பார்ப்பது போன்ற அன்றாட வேலைகளில் வரும் சரிவு சற்று மெதுவானது. நினைவாற்றல் தேர்வில் தெளிவான பலன் தெரியவில்லை. 2,000 யூனிட் என்பது கடையில் முகத்துக்குத் தடவ வாங்கிப் போகிறார்களே, அந்தப் பச்சை கேப்சூல் மாதிரி ஐந்து. டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் எடுக்கும் அளவே இல்லை. தினம் 400 யூனிட் எடுத்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் கூடியதாக 35,000 பேர் கலந்துகொண்ட ஆய்வு 2011-ல் காட்டியிருக்கிறது.

இப்போது பாட்டிலின் பின்பக்கத்துக்கு வாருங்கள். ஒன்பது சேர்மமும் சேர்ந்து 'சிறப்புக் கலவை 450 மி.கி.' என்று ஒரே வரி. எதெது எவ்வளவு என்று இல்லை. ஆய்வில் க்யூ10 மட்டும் 1,200 மி.கி., லிபோயிக் அமிலம் மட்டும் 900 மி.கி. கொடுத்தார்கள். 450-ஐ ஒன்பதாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் எந்த மூலைக்கு? ஆய்வின் அளவில் பலன் வரவில்லை, இதில் அந்த அளவும் இல்லை. மிகச் சிறிய எழுத்தில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வரியும் இருந்தது. சத்துணவுப் பொருள் என்ற உரிமத்தில் விற்கப்படும் பொருளில் அந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும். முன்பக்கப் பொன் எழுத்தைப் படிப்பவர்கள் அந்த வரியையும் படித்துவிட்டால் பாதிப் பேர் வாங்கமாட்டார்கள்.

ஆஸ்டாக்சாந்தின் விஷயத்தில் எனக்குக் கோபமே வந்தது. 'ஆழ்கடலின் சிவப்புப் பொக்கிஷம்' என்று நீலக் கடல் படம் போட்டிருக்கிறார்கள். வணிகத்துக்கு எடுக்கும் ஆஸ்டாக்சாந்தினில் ஒரு பங்கு ஹீமட்டோகாக்கஸ் என்ற நன்னீர்ப் பாசியில் இருந்து வருகிறது. கடலுக்கும் அந்தப் பாசிக்கும் தொடர்பே இல்லை. மீதியில் பெரும் பகுதி தொழிற்சாலையில் செய்வது. கடலில் அதைப் பார்க்க வேண்டுமானால் றால் ஆணத்தை (இறால் குழம்பு) பார்த்தால் போதும். பச்சை றால் சாம்பல் நிறத்தில் இருக்கும். சட்டியில் சூடு ஏறியதும் ஓடு செம்மஞ்சளாக மாறும். ஆஸ்டாக்சாந்தினைக் கட்டி வைத்திருந்த புரதம் வெப்பத்தில் குலைந்து, நிறம் வெளியே வருகிறது. அழகான மூலக்கூறுதான், மறுக்கவில்லை. மனிதரின் மறதியைத் தடுக்கும் என்று சொல்லும் அளவுக்குப் பெரிய ஆய்வுதான் அதற்கு இல்லை.

குர்குமினோடு மிளகுச் சத்தைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. 1998-ல் பெங்களூரில் செய்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் (அதுதான் மிளகுச் சத்து) கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடியது. தனியாகச் சாப்பிட்டால் குர்குமின் ரத்தத்தில் ஏறுவதே அரிது. ஆனால் அதே பைப்பரின் வேறு மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் கூட்டும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் அதில் ஒன்று. வீட்டுச் சமையலில் போடும் மஞ்சளையும் மிளகையும் நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். மஞ்சள்தூளில் குர்குமின் சில சதவீதம்தான் இருக்கும். செறிவூட்டிய குர்குமின் கேப்சூல் வேறு விஷயம், அதனால் கல்லீரல் பாதித்தவர்கள் இருக்கிறார்கள்.

உம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் கீறிப் பார்த்த அந்தக் கடைசி கேப்சூல் தவிர முதல் பாட்டிலைச் சாப்பிட்டு முடித்தார். இப்போது முன்னைவிடத் தெளிவாக இருக்கிறார். தெருவில் யார் யாருக்குக் கல்யாணம் என்று வரிசையாகச் சொல்கிறார், சாவி அதன் ஆணியில் தொங்குகிறது. காக்கா போனில், "பாத்தியாம்மா, நான் அனுப்புன மாத்திரை வேலை செஞ்சிருச்சு. நிறுத்திராதே" என்கிறார்.

ஆனால் அதே சமயத்தில் மதுரையில் நரம்பு டாக்டரிடமும் போயிருந்தோம். இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறையுங்கள், ஒரு கடிகாரம் வரையுங்கள் என்று உம்மாவிடம் பொறுமையாகக் கேட்டார். கடிகாரத்தில் பன்னிரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் எழுதினார் உம்மா. பிறகு டாக்டர் என்னிடம் திரும்பி, சாப்பிடும் எல்லா மாத்திரையையும் மேசையில் கொட்டச் சொன்னார். சுகருக்கு மெட்ஃபார்மின் பல வருடமாக ஓடுகிறது. அதை நீண்டகாலம் எடுப்பவர்களுக்குக் குடல் வைட்டமின் பி12-ஐ உறிஞ்சுவது குறையலாம். பி12 குறைந்தால் மறதி, தடுமாற்றம், கால் மரத்துப்போதல் எல்லாம் வரும். சோதித்தார்கள், 140-தான் இருந்தது. 200-க்குக் கீழே போனால் குறைவு. அந்தச் சுகர் மாத்திரைகளுக்கு நடுவே, தும்மலுக்கு என்று உம்மா ராத்திரி ராத்திரி போட்டுக்கொண்டிருந்த பழைய மஞ்சள் மாத்திரையும் கிடந்தது. குளோர்பெனிரமின். முதியவர்களின் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற செய்திப் பொருளின் வேலையைத் தடுத்துக் குழப்பத்தையும் மறதியையும் கூட்டும் வகை அது. டாக்டர் அன்றே நிறுத்திவிட்டார். பி12 ஊசி ஆரம்பித்தது. தைராய்டும் பார்த்தோம், அது சரியாக இருந்தது.

ஒரு ஊசி நூறு ரூபாய்க்குள்தான். தும்மல் மாத்திரையை நிறுத்தியதற்குச் செலவே இல்லை. பாட்டில், ஊசி, நிறுத்திய மாத்திரை மூன்றும் ஒரே வாரங்களில் நடந்ததால், பலன் எதனால் என்று ஒருவரை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பாட்டிலில் இருப்பவற்றில் பல, ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்தும் பலன் தராதவை, பின்னது இரண்டும் பாடப்புத்தகத்திலேயே இருக்கும் காரணங்கள். பாட்டில் தீர்ந்தபின் அடுத்ததைத் திறக்கவில்லை. ஊசி தொடர்கிறது. உம்மா அப்படியேதான் இருக்கிறார், குறையவில்லை.

கஸ்டமர் கேர் பற்றியும் சொல்ல வேண்டும், விமர்சனத்தில் அதுவும் சேர்த்திதானே. லேபிளில் ஜெலட்டின் ஓடு என்று இருந்தது, அசைவக் குறியும் இருந்தது. எந்தப் பிராணியின் ஜெலட்டின் என்று கேட்டேன். எங்கள் வீட்டில் அது தெரியாமல் எதையும் விழுங்கக் கொடுக்கமாட்டார்கள். உம்மாவிடம் பாட்டில் போய்ச் சேர்ந்த முதல் வாரமே கேட்ட கேள்வி அது. "செக் பண்ணிச் சொல்றோம் மேடம்" என்றார்கள். கடைசியில் மாட்டு ஜெலட்டின் என்று ஒரு வரி மெயில் வந்தது. ஹலால் சான்று இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் வரவே இல்லை. ஒவ்வொரு சேர்மத்தின் அளவையும், அந்த பேட்ச்சின் ஆய்வுக்கூட அறிக்கையையும் கேட்டேன். 'வணிக ரகசியம்' என்று பதில். நான் மருந்து விற்பவள். எந்த மாத்திரை அட்டையைத் திருப்பினாலும் உள்ளே இருப்பது மில்லிகிராமில் எழுதியிருக்கும். மனிதர் விழுங்கும் பொருளின் அளவு ரகசியமாக இருக்கக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. பிரிக்காத இரண்டாவது பாட்டிலைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள், கூரியர் செலவைப் பிடித்துக்கொண்டு மீதியைக் காக்காவின் கணக்கில் போட்டுவிட்டார்கள். அந்த ஒரு நட்சத்திரம் இதற்காக.

எங்கள் ஊரில் ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதம் வந்து தேறியவர்கள் அதிகம். அவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் என்று ஏதோ ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஜிங்கோவும் அதிக அளவு வைட்டமின் ஈ-யும் ரத்தம் உறைவதை இன்னும் தளர்த்தக் கூடியவை. இரண்டும் ஒரே கேப்சூலில் இருக்கின்றன. 'இயற்கையானது, பக்கவிளைவு இல்லை' என்று நம்பி இதையும் சேர்த்து விழுங்கினால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். கண் ஆபரேஷன், பல் பிடுங்குவது என்று எதற்குப் போனாலும் இப்படி ஒரு கேப்சூல் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லுங்கள். லிபோயிக் அமிலம் சுகரைக் கொஞ்சம் இறக்கும், இன்சுலின் போடுபவர்கள் அதையும் கவனிக்க வேண்டும். இவ்வளவு இருக்கிறது, பாட்டிலில் ஒரு எச்சரிக்கை வரி இல்லை.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்றாலே எல்லாம் வெறும் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். மூளைக்கான உண்மையான மருந்தாக ஒன்று இருக்கிறது, எடாரவோன். தனியுறுப்புகளைப் பிடிக்கும் பொருள்தான் அதுவும். ஜப்பானில் 2001-ல் பக்கவாதத்துக்கு அனுமதி கிடைத்தது, ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்கு 2015-ல் ஜப்பானிலும் 2017-ல் அமெரிக்காவிலும். அது முதலில் ட்ரிப்பாக ஏற்றும் மருந்தாக வந்தது, எந்த நோய்க்கு, எந்த நேரத்தில், எவ்வளவு என்று வரையறுத்துக் கொடுப்பது. பக்கவாதத்துக்குச் சோதித்த இதே வகை இன்னொரு மருந்து (NXY-059) முதல் பெரிய ஆய்வில் நம்பிக்கை தந்து, 2007-ல் வந்த இரண்டாவது ஆய்வில் தோற்று நின்றது. மருந்தாக ஆவதற்கு இத்தனை வாசல் தாண்ட வேண்டும். கேப்சூல் கம்பெனி எந்த வாசலுக்கும் வரவில்லை.

கடல்பாசியைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள், நம் கடற்கரைச் சரக்கு என்பதால். மண்டபம், பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் பாசி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி எல்லாம் அகர் எடுக்கப் போகும் சிவப்புப் பாசிகள். நோன்பு திறக்கும்போது பால் ஊற்றிச் செய்யும் கடல்பாசி அதே அகர்தான். வயிற்றைக் குளிர்விக்கும், சாப்பிட இதமாக இருக்கும், மறதிக்கு மருந்தில்லை. கட்டைக்கோரை, பக்கோடா பாசி என்று சொல்லும் பழுப்புப் பாசிகளில் ஃபியூகோசாந்தின் என்ற நிறமி இருக்கிறது. அது செல்லிலும் எலியிலும் மூளையைக் காப்பதாக ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. மனிதரிடம் நிரூபிக்கும்வரை அதையும் கேப்சூலாக வாங்க நான் சொல்லமாட்டேன். அந்தப் பெண்களின் உழைப்புக்கு நல்ல விலை கிடைக்கும் நாள் வந்தால் சந்தோஷம், அது பொய் விளம்பரத்தால் வர வேண்டாம்.

அப்புறம், கடைக்கு வருபவர்களிடம் நான் என்ன சொல்கிறேன் என்றால், முதலில் பி12, தைராய்டு, சுகர், பிரஷர் பார்க்கச் சொல்கிறேன். சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோகச் சொல்கிறேன். தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரை, அரிப்பு மாத்திரை எதுவும் விட்டுப்போகக் கூடாது. மீன் சாப்பிடுங்கள், சாளையும் சூடையும் விலை குறைந்த மீன்தான், டி.எச்.ஏ. அதில்தான் இருக்கிறது. முருங்கைக் கீரை, நெல்லிக்காய் சாப்பிடுங்கள். நடங்கள். நடக்கும்போது உடம்பே தன் டிஸ்மியூட்டேஸையும் குளூட்டாதையோனையும் கூட்டிக்கொள்கிறது. 2009-ல் ஒரு ஆய்வில், உடற்பயிற்சி செய்தவர்களுக்கு வைட்டமின் சி-யும் ஈ-யும் அதிக அளவில் கொடுத்தபோது, இன்சுலின் நன்றாக வேலை செய்வது என்ற பயிற்சியின் பலன் தடைப்பட்டது. தனியுறுப்பு கொஞ்சம் உண்டாவதும் உடம்புக்கு ஒரு தகவல்.

காதையும் பாருங்கள். லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வழி உண்டு என்று சொல்லியிருக்கிறது. காது மந்தம் அதில் முன்னணிக் காரணங்களில் ஒன்று. 2023-ல் வந்த ஆய்வில், காதுக்கருவி எல்லோருக்கும் சேர்த்துப் பார்த்தால் மூன்று வருடத்தில் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்த முதியவர்களிடம் மூளைத்திறன் சரிவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது.

உம்மாவுக்கு இடது காது ரொம்ப நாளாகவே மந்தம். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, "நீங்கதான் மெதுவா பேசுறீங்க" என்பார். ராமநாதபுரத்தில் காது டாக்டரிடம் காட்டியாயிற்று, சோதனையும் எடுத்தாயிற்று. கருவி போடலாம் என்று சொல்லிவிட்டார். மாதா மாதம் பாட்டிலுக்கு என்று காக்கா ஒதுக்கிய பணத்தை ஒரு வருடத்துக்குச் சேர்த்தால் 22,788 ரூபாய் வருகிறது, ஒரு காதுக்குச் சுமாரான கருவி அதில் கிடைக்கும். போனில் கணக்கைச் சொன்னேன். காக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, ரெண்டு காதுக்கும் பாரு, மீதியை நான் போடுறேன்" என்றார்.